ஒரு காதா, ரெண்டு காதா

“உனக்கு ஒரு காது போதுமா, ரெண்டு காதும் வேணுமா?”

பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கிற கடைக்காரர் இப்படிக் கேட்டபோது அவளுக்குப் பதினேழு வயது. அதுவரை அவளிடம் மற்றவர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: ஏன் பேச மாட்டேங்கிற? அதற்குப் பதில் சொல்ல முடிகிறவள் எதற்குப் பேசாமல் இருக்கப் போகிறாள்? அதைக்கூட யோசிக்காமல் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். அப்பா அவளுக்கு வைத்த பட்டப்பெயரே வாயாடி. வீட்டுக்கு யார் வந்தாலும், “இவதான் எங்க வாயாடி. பாத்துப் பேசுங்க, வாயைக் குடுத்துட்டுத் தப்பிக்க முடியாது” என்று சொல்லி, வந்தவர்களையும் சிரிக்க வைப்பார்.

கடைக்காரர் சிரிக்கவில்லை. அவள் கையில் எடுத்துவைத்திருந்த விரல் நீளச் சவுண்ட் கார்டைப் பார்த்துத்தான் கேட்டார்.

“இதுல இருக்கிறது மைக் ஓட்டை. அதுக்கு ஒரு காதுதான். நீ என்ன வயரைச் சொருகினாலும் இடது பக்கம் மட்டும் உள்ள போகும், வலது பக்கம் வாசல்லயே நின்னுடும். அந்தப் பெரிய கார்டுல நீலமா ஒரு ஓட்டை தெரியுதா? அது லைன் இன். அதுக்கு ரெண்டு காது. ஒரு காதுல கேட்டா சத்தம் கேக்கும். ஆனா எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு தெரியாது. உன் வேலைக்கு எது?”

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். அவர் காத்திருந்தார். அவள் யோசித்து முடிக்கும்வரை ஒரு மனிதர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை.

“ரெண்டு” என்றாள்.

அன்றைக்கு அவள் பேசியது அந்த ஒரு வார்த்தைதான். வீட்டுக்கு வந்து பெரிய கார்டைக் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டு, அவர் கேட்ட கேள்வியையும் தன் பதிலையும் நோட்டில் எழுதிவைத்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் சி.டி. டிரைவ் இருந்த இடம் காலியாக இருந்தது. முன்பக்க மூடியை நெம்பினால் நோட்டு நோட்டாக உள்ளே அடுக்கலாம். யார் என்ன சொன்னார்கள், அதற்கு அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவற்றில் இருந்தது. சொல்லாமல் விட்ட பதில்கள் மட்டுமே ஐந்து நோட்டு.

பள்ளிக்கூடத்தை விட்ட கதை முதல் நோட்டில். பத்தாம் வகுப்பில் ஒரு டீச்சர் அவளை எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார். எழுந்து நின்றாள், வார்த்தை வெளியே வரவில்லை. “வாய் திறக்கிற வரைக்கும் பெஞ்சு மேல நில்லு” என்றார் டீச்சர். நான்கு பீரியடு நின்றாள். மறுநாள் போகவில்லை. அப்பா பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கு லேத் பட்டறையில் வேலை. அம்மாவுக்குச் சட்டைக் கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை. அண்ணன் இன்ஜினியரிங் படிக்கப் போகிறவன். வீட்டில் சமைக்க, துவைக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆள் தானாகவே வந்து அமைந்துவிட்டாள். யாருக்குத்தான் கசக்கும்?

பகலில் கடைக்காரர் கொடுத்தனுப்புகிற அறுந்த ஹெட்போன்களுக்குச் சால்டரிங் வைத்துக் கொடுப்பாள். கூலிக்குப் பதில் கடையில் கிடக்கிற பழைய பலகைகளிலிருந்து வேண்டியதைக் கழற்றிக்கொள்ளலாம். அப்படிக் கழற்றியவற்றை வைத்துத்தான் அந்த ரிசீவரைச் செய்தாள்.

தனியாட்கள் வீட்டிலேயே கருவி வைத்துக்கொண்டு வானலையில் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள் என்று இணையத்தில் படித்திருந்தாள். முகம் தெரியாமல், பார்க்காமல், கூப்பிட்டால் பதில் சொல்கிறவர்கள். அதைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. அதற்கான ரேடியோவைக் காசு கொடுத்து வாங்க அந்த வீட்டில் வழி கிடையாது. ஆனால் ஒரு குறுக்குவழி இருந்தது. வானலையை அப்படியே காதால் கேட்கிற சத்தமாக இறக்கிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்துவிட்டால், பிரிப்பது, வடிகட்டுவது, டியூன் செய்வது எல்லாவற்றையும் மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இறக்குவதற்கு நாலே நாலு சில்லும், ஆஸிலேட்டர் என்கிற ஒரு துடிப்பானும் போதும்.

துடிப்பான்தான் கிடைக்கவில்லை. மூன்று மாதம் தேடினாள். கடைசியில் இருபது வருடத்துக்கு முந்தைய டிஸ்ப்ளே கார்டு ஒன்றில், நாலு கால் வைத்த சின்னத் தகரப் பெட்டியாக உட்கார்ந்திருந்தது. மேலே 28.322 என்று பொறித்திருந்தது. நாலால் வகுத்தால் ஏழு மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் மேலே. அவள் தேடுகிற ஆட்கள் பேசுகிற இடம் அதுவேதான். அவள் அதற்குக் குட்டித் தகரம் என்று பெயர் வைத்தாள். சர்க்யூட் படத்தில் இடம் போதாமல் ‘கு.த.’ என்று எழுதினாள்.

பலகையிலிருந்து இரண்டு வயர் வெளியே வந்தன. இரண்டிலும் ஒரே சத்தம்தான், ஆனால் ஒன்று மற்றதைவிடக் கால் அலை பின்தங்கி வரும். எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று பார்த்துத்தான் ஒரு குரல் திரையின் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் இருக்கிறதா இடப்பக்கம் இருக்கிறதா என்பதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கிறது. அதற்குத்தான் இரண்டு காது. ஒரு வயர் போய்விட்டால் அதற்குப் பக்கம் தெரியாது. ஒரே குரலை இரண்டு பக்கமும் போட்டுவிடும்.

மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற கம்பிக்கு மேலே ஆண்டெனாவாக இன்னொரு கம்பி இழுத்தாள். அம்மா அதிலும் துணி காயப்போட்டாள். இவள் எடுத்துவிட்டாள். அம்மா மறுபடி போட்டாள். ஒரு நாள் காலை ஏழு மணிக்கு, அடுப்பில் சோறு கொதிக்கும்போது, திரையில் நீல அருவி மாதிரி இறங்கிக்கொண்டிருந்த படத்தில் மஞ்சளாக ஒரு கீற்று விழுந்தது. மவுஸால் அதைத் தொட்டாள். முதலில் வாத்து கத்துகிற மாதிரி இருந்தது. மெதுவாக நகர்த்தினாள். வாத்து மனிதன் ஆனது.

“…இங்க நேத்துலேருந்து மழை. கம்பியெல்லாம் ஆடுது. நான் பேசறது நல்லா விழுதா?”

விழுகிறது, விழுகிறது என்று வாய்விட்டுச் சொன்னாள். அந்த ஆளுக்குக் கேட்காது என்று தெரியும். அதனால்தான் சொல்ல முடிந்தது.

சத்தம் கேட்டு அண்ணன் பல் விளக்கிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தான். “ஏய் வாயாடி, என்னது இது? யாரு பேசறது?”

அங்கேதான் அவள் தப்புச் செய்தாள். சந்தோஷத்தில் வாயைத் திறந்துவிட்டாள். முழுசாகப் பத்து வாக்கியம் பேசினாள். கு.த. முதல் நீல ஓட்டை வரை. அவன் வாயில் நுரையோடு ஐந்து வாக்கியம் கேட்டான். மிச்ச ஐந்துக்குத் துப்பப் போய்விட்டான்.

அடுத்த வாரம் ரிசீவரைக் காணவில்லை. முன்பக்க மூடி திறந்து கிடந்தது. நோட்டுகள் கலைந்திருந்தன.

“எங்க போயிடும்? அண்ணன் காலேஜுக்கு எடுத்துட்டுப் போயிருக்கான். கடைசி வருஷ புராஜெக்ட்டாம்” என்றாள் அம்மா.

“என்னைக் கேக்கல.”

“கேட்டா மட்டும் நீ வாயைத் திறந்து பதில் சொல்லிடப் போறியாக்கும்?”

கலைந்த நோட்டுகளை அடுக்கி மூடியைப் போட்டாள். ஆனால் நோட்டைத் திறந்து எழுதவில்லை. அவன் கைபட்ட நோட்டில் எழுத மனம் வரவில்லை.

ரிப்போர்ட் பைண்டிங் ஆகி வந்தது. மேலட்டையில் தங்க எழுத்தில் அண்ணன் பெயர். அம்மா அதைச் சேலைத் தலைப்பால் துடைத்து அலமாரியில் வைத்தாள். “எங்க இன்ஜினியர் செஞ்சது” என்று பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நன்றி சொல்லும் பக்கத்தில் கடவுள், பெற்றோர், முதல்வர், துறைத் தலைவர், லேப் உதவியாளர், நண்பர்கள். அவள் இல்லை. லேப் உதவியாளர் என்ன உதவி செய்தார்? கதவு திறந்துவிட்டாரா? சர்க்யூட் படத்தை ஸ்கேல் வைத்து அழகாகத் திருப்பி வரைந்திருந்தான். நடுவில் ‘கு.த.’ என்பது அப்படியே இருந்தது.

வெள்ளிக்கிழமை அண்ணன் காலேஜிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கத்தினான்.

“வேணும்னே கெடுத்து வெச்சிருக்கா! என் மானமே போச்சு! ஒவ்வொரு குரலும் ரெண்டு ரெண்டா வருது. நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொண்ணு. வெளியிலேருந்து வந்த எக்ஸாமினர் அம்மா ஏன்னு கேக்கறாங்க. நான் என்னத்தச் சொல்றது? திங்கக்கிழமை மறுபடி காட்டச் சொல்லியிருக்காங்க. கடைசி சான்ஸ்.”

அவளுக்குக் கேட்டவுடனே புரிந்துவிட்டது. லேப்டாப்பில் செருகியிருக்கிறான். லேப்டாப்பில் நீல ஓட்டை ஏது? மைக் ஓட்டை. ஒரு காது. சொல்ல ஒரு வாக்கியம் போதும்.

சொல்லவில்லை. பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன செஞ்ச சொல்லுடி” என்றார் அப்பா. “வீட்டுல ஒருத்தனாவது தலையெடுக்கட்டும்னு நான் அங்க இரும்புத் தூளைத் தின்னுட்டுக் கெடக்கேன். அவன் மார்க்குல கை வெச்சியோ, உன் கையை ஒடிச்சுடுவேன்.”

“அப்பா, அவளைக் கேட்டு என்ன பிரயோஜனம்? கல்லுகிட்ட கேக்கறதும் ஒண்ணு, அவகிட்ட கேக்கறதும் ஒண்ணு.”

அவள் கையைக் கழுவினாள். அண்ணன் பக்கம் திரும்பினாள். “நோட்டு முழுக்கப் படிச்சியா?”

“என்ன?”

“என் நோட்டு. எடுத்தியே. முழுக்கப் படிச்சியா?”

“படம் இருந்த பக்கமெல்லாம் போட்டோ எடுத்தேன். மத்ததெல்லாம் ஏதோ கதை கதையா கிறுக்கி வெச்சிருக்க. அதையெல்லாம் எவன் உக்காந்து படிப்பான்?”

இத்தனை வருடமாக அவளுக்கு ஒரே பயம். யாராவது அந்த நோட்டுகளைப் படித்துவிடுவார்களோ என்று. அப்பாவைப் பற்றி எழுதியது, அம்மாவைப் பற்றி எழுதியது, இவனைப் பற்றி எழுதிய பதினான்கு பக்கம். நெஞ்சு படபடக்க ஒளித்து ஒளித்து வைத்தாள். அவன் அத்தனையையும் கையில் வைத்துப் புரட்டியிருக்கிறான். ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கடைக்காரரின் கேள்வி அவனைப் பற்றிய பதினான்கு பக்கத்துக்கு நடுவில்தான் இருந்தது. தன்னைப் பற்றி அவள் என்ன நினைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை கொஞ்சம் இருந்திருந்தால் போதும், வெள்ளிக்கிழமையே தேறியிருப்பான்.

திருட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம் போல இருந்தது. இதைப் பொறுக்க முடியவில்லை.

“திங்கக்கிழமை நான் வரேன்” என்றாள். “வீட்டுக் கம்ப்யூட்டரோட வரேன். அதுல போட்டா சரியா வரும். ஆனா நான் செஞ்சதுன்னு ரிப்போர்ட்ல எழுதணும்.”

மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அடேங்கப்பா, வாயாடி கண்டிஷன் போடறா.”

“எழுதறேன், எழுதறேன்” என்றான் அண்ணன். “போதுமா மகாராணி?”

திங்கட்கிழமை காலை ஆட்டோவில் அவள் மடியில் கம்ப்யூட்டர் பெட்டி. அண்ணன் மடியில் கீபோர்டும் புது ரிப்போர்ட்டும். வண்டி குலுங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் நோட்டுகள் தடதடத்தன. அவள் ரிப்போர்ட்டை வாங்கி நன்றிப் பக்கத்தைப் புரட்டினாள். கடவுள் முதல் நண்பர்கள் வரை அப்படியே இருந்தார்கள். அடியில் ஒரு வரி கூடியிருந்தது: வயர் சுற்றிக் கொடுத்த என் தங்கைக்கும் நன்றி.

“நான் எப்ப வயர் சுத்துனேன்?”

“எல்லாம் ஒண்ணுதான். யாரு படிக்கப் போறா?”

அவள் ரிப்போர்ட்டை மூடி அவன் மடியில் வைத்தாள். நான்கைந்து வருடம் முன்னால் பெஞ்சு மேல் ஏறி நின்றது ஞாபகம் வந்தது. இன்றைக்கு யாரும் ஏற்றிவிடவில்லை, அவளாகவே போகிறாள்.

லேபில் நீளமான மேசை, மூலையில் தூசி மூடிய ஆஸிலோஸ்கோப்புகள், ஜன்னல் வழியாக வெளியே வீசிய ஆண்டெனாக் கம்பி. கல்லூரி மானிட்டரில் வீட்டுப் பெட்டியை இணைத்தாள். வெள்ளிக்கிழமையிலிருந்து அங்கேயே இருந்த ரிசீவர் பலகையின் வயரை நீல ஓட்டையில் செருகினாள். அருவி இறங்கியது. நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் ஒரே ஒரு மஞ்சள் கீற்று. இடப்பக்கம் அமைதியான நீலம். அன்றைக்கு மழையைப் பற்றிப் பேசிய அதே மழைக்காரரின் குரல் லேப் முழுக்கக் கேட்டது. இன்றைக்கு அவர் தன் மருமகன் வாங்கிய பழைய காரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“பாத்தீங்களா மேடம், சரி பண்ணிட்டேன்” என்றான் அண்ணன், வாய் கூசாமல்.

எக்ஸாமினர் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். “நல்லாத்தான் இருக்கு. எதுக்கு ரெண்டு வயர் வெளிய வருது?”

“ஸ்டீரியோ மேடம். குவாலிட்டிக்காக.”

“ஓ. இந்தப் படத்துல ‘கு.த.’ன்னு ஒண்ணு போட்டிருக்கீங்களே, அது?”

அண்ணன் திருதிருவென்று முழித்தான். பிறகு சமாளித்தான். “குறைந்த தடை, மேடம்.”

“துடிப்பான் இருக்க வேண்டிய இடத்துல குறைந்த தடையா?” எக்ஸாமினர் அவனை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “இவங்க யாரு?”

“என் தங்கச்சி மேடம். பெட்டி தூக்கறதுக்காகக் கூட்டிட்டு வந்தேன். அவ பேச மாட்டா.”

அவள் எழுந்தாள். பலகையில் வலது வயர் ஒரு சின்னக் கவ்வியில் மாட்டியிருந்தது. அதைப் பிடுங்கினாள். திரையில் இடப்பக்கம், நீலமாக இருந்த இடத்தில், வலப்பக்கக் கீற்றுக்கு இரட்டைப் பிறவி மாதிரி இன்னொரு கீற்று முளைத்தது. வெள்ளிக்கிழமை எக்ஸாமினர் பார்த்த அதே கோலம். வயரைத் திரும்ப மாட்டினாள். இரட்டை மறைந்தது. பிடுங்கினாள். முளைத்தது. மாட்டினாள்.

“பாட்டுக் கேக்கற ஸ்டீரியோ இல்ல மேடம்” என்றாள். குரல் உடைந்து, கீச்சென்று, அவளுக்கே அந்நியமாக வந்தது. “ரெண்டு வயர்ல ஒண்ணு கால் அலை பிந்தி வரும். அதை வெச்சுத்தான் எந்தப் பக்கம்னு தெரியும். அன்னிக்கு இவன் லேப்டாப் மைக்ல சொருகிட்டான். அதுக்கு ஒரு காதுதான். கு.த.ன்னா குட்டித் தகரம். நான் வெச்ச பேரு. பழைய டிஸ்ப்ளே கார்டுலேருந்து நான் கழட்டினேன், மூணு மாசம் தேடி. இவனுக்கு அது எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னுகூடத் தெரியாது. நான் வயர் சுத்தல மேடம். ஒரு வயர்கூடச் சுத்தல. இதுல சுத்தறதுக்கு எதுவுமே கிடையாது.”

நிறுத்த முடியவில்லை. சால்டரிங் சுட்ட விரல்கள், கம்பியில் காய்ந்த துணிகள், நன்றிப் பக்கத்து லேப் உதவியாளர் எல்லாம் அவள் பேச்சில் வந்தன. கதவருகே நின்ற லேப் உதவியாளர் தலையைக் குனிந்துகொண்டார். மூச்சு முட்டியபோதுதான் நிறுத்தினாள். ஸ்பீக்கரில் மழைக்காரர் இன்னும் மருமகனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“சும்மா சொல்றா மேடம். பொறாமை…” என்று ஆரம்பித்தான் அண்ணன்.

எக்ஸாமினர் கையை உயர்த்தினார். “நீ எந்த டிபார்ட்மென்ட்?” என்று அவளைக் கேட்டார்.

“பத்தாவது. முடிக்கல.”

அவர் பாராட்டவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. ரிப்போர்ட்டை மூடி அண்ணன் பக்கம் தள்ளினார். “இது உங்க புராஜெக்ட் இல்ல. அடுத்த செமஸ்டர் வாங்க. நீங்களா ஏதாவது செஞ்சுட்டு வாங்க.” பிறகு அவளிடம், “போகும்போது அந்தப் பலகையை எடுத்துட்டுப் போயிடு. இங்க விட்டா அலமாரில பூட்டிடுவாங்க” என்றார்.

அவள் நான்கு திருகாணியையும் கழற்றிப் பலகையைத் துப்பட்டாவில் சுற்றினாள்.

கல்லூரி வாசலில் வெயில் சுள்ளென்று அடித்தது. அவள் பெட்டியைச் சுமந்துகொண்டு வந்தாள். அண்ணன் கீபோர்டைச் சுமந்துகொண்டு பின்னால் வந்தான். இப்போது ஆரம்பிப்பான் என்று காத்திருந்தாள். பிறந்ததிலிருந்து பேசிக்கொண்டே இருக்கிறவன். திட்டுவான், அப்பாவிடம் சொல்லி உன் தோலை உரிக்கிறேன் என்பான், இனி நீ என் தங்கச்சியே இல்லை என்பான். எல்லாவற்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. ஐந்து நோட்டு நிறைய இருந்தது. இன்றைக்கு ஒன்றைக்கூட வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதுவதாக இல்லை.

“சொல்லு” என்றாள். “ஏதாவது சொல்லேன்.”

அவன் அவளைப் பார்க்கவில்லை. கீபோர்டை அவள் தூக்கிய பெட்டியின் மேல் வைத்தான். கீழே விழாமல் இருக்கிறதா என்று ஒரு விரலால் தள்ளிப் பார்த்தான். தங்க எழுத்து ரிப்போர்ட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஆட்டோ நிற்கிற பக்கம் போகாமல், எதிர்ப்பக்கமாகத் தெருவைக் கடந்து நடந்தான்.